என்னை ஜும்ஆவுக்குப் போகவிடாத மீன்

கத்தார் மணலில் கிரேன் ஓட்டும் என் அருமை மருமகன் றிபாஸுக்கு, கல்முனைக் கடற்கரையிலிருந்து உன் தாய்மாமன் முகைதீன்பாவா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் உதவியால் இங்கு நான் நலம், உன் மாமி ஸுஹைறா நலம், மாமியின் வாய் அதைவிட நலம். தொலைபேசியில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் உம்மா, அதாவது என் ராத்தா, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நான் கொட்டாவி விடுவதையும் கேட்டுவிடுவா. ஆகவே லீவு முடிந்து வரும் றிஸ்வானின் பெட்டியில், கருவாட்டுப் பொதிக்கடியில் இக்கடிதம் வருகிறது. உட்கார்ந்து வாசி.

போன லீவில் நீ வாங்கி, "மாமா, இதுல மட்டும் கை வெச்சிராதீங்க" என்று என் வீட்டு வளவில் கவிழ்த்து வைத்துப் போனாயே மஞ்சள் கயாக், அந்தத் துடுப்புப் படகில் நான் கை வைக்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன். காரணம் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் நம் தாய்வழிக் குடிக்காக இருக்கும் மரைக்கார் ஆசனம் ஆறு மாதமாக வெறுமையாகக் கிடக்கிறது. அதற்கு இரண்டு பெயர் அடிபட்டன: ஒன்று உன் மாமா, மற்றது தளபாடக்கடை அச்சிமுகம்மது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு குடியார் கூடித் தீர்ப்பதாக ஏற்பாடு. கூடுகிறவர்களுக்கு என் கையால் பிடித்த பெரிய பாரை மீனைக் கறியாக்கிப் போட்டால் அச்சிமுகம்மது அந்தக் கறி ஆணத்திலேயே கரைந்துவிடுவான் என்று திட்டம் போட்டேன். வெள்ளி காலையில் நம்மாட்கள் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள், ஜும்ஆவுக்குப் பிறகுதான் தோணி தள்ளுவார்கள்; ஆகவே என் முதற் பயணத்தைப் பார்த்துச் சிரிக்கக் கரையில் ஒரு பல்லும் இருக்காது. எட்டு மணிக்கு இறங்கி, பத்துக்குத் திரும்பி, குளித்து, அத்தர் பூசி முதல் வரிசையில் இருப்பேன். எப்படி என் மூளை?

கடலோரக் களப்பில் பிடித்த மூன்று மணலை மீன்களை வாளித் தண்ணீரில் உயிரோடு கொண்டுபோனேன். இரை உயிரோடு ஓடித் திரிந்தால்தான் பெரியவன் வருவான் என்று நீதானே வீடியோவில் காட்டினாய்? ஒரு மணலையின் முதுகில் தூண்டில் முள்ளைக் கொளுவிக் கடலில் விட்டேன். அது கயாக்குக்கு அடியில் ஓடிற்று. ஒரு நிமிடம்தான், மருமகனே, பிறகு விழுந்தது பார் ஒரு இழுவை! தூண்டில் தடி வளைந்து தன் வாலைத் தானே முத்தமிட்டது. நான் இடப்பக்கம் சாய்ந்தால் அவனும் இடப்பக்கம் இழுத்தான். மூச்சு வாங்க நான் நிறுத்தினால் அவனும் நிறுத்தினான். நான் போட்ட பலம் எவ்வளவோ அவன் போட்டதும் அவ்வளவே, ஒரு இறாத்தல் கூடவுமில்லை, குறையவுமில்லை. இப்படி நேர்மையான எதிரியை நான் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை. ஆனால் ஆள் மேலே மட்டும் வரவில்லை. கயாக்குக்கு அடியிலேயே நின்றுகொண்டு என்னைத் தெற்கே கொண்டுபோனான். சாய்ந்தமருது போயிற்று, காரைதீவு போயிற்று, நாலு மணித்தியாலம் போயிற்று, நிந்தவூர் மினாரா தெரிந்தபோது அங்கிருந்து பாங்கு கேட்டது. ஜும்ஆப் பாங்கு! நான் நடுக்கடலில், அங்கே மரைக்கார் ஆசனத்தில் பாதி உட்கார்ந்தபடி அச்சிமுகம்மது. கத்தினேன், குழறினேன், வெள்ளிக்கிழமைக் கடலில் கேட்க யார் இருக்கிறார்? நண்டுகூடக் கரைக்குப் போய்விட்டது.

அப்போதுதான் இயந்திரத் தோணியில், என்னை அண்ணனாக எண்ணிக் காக்கா என்று கூப்பிடும் நம் கல்முனை ஜோர்ஜ் வந்தார். அவருக்குக் கோயில் ஞாயிற்றுக்கிழமைதானே.

"என்ன காக்கா, இண்டைக்கு ஜும்மாவுக்குப் போகல்லியா?"

என்னைக் கடலில் தள்ளியிருந்தால் நோவு குறைவாக இருந்திருக்கும்.

"ஜோர்ஜ், பெரிய சாமான் ஒண்டு கொளுவியிரிக்கி. சுறாவா திமிங்கிலமா தெரியா."

"நூல வெட்டுங்க காக்கா. மீன் நாளைக்கும் இருக்கும்."

அழுதுகொண்டே வெட்டினேன். வாலைக்கூட ஆட்டாமல் போய்விட்டான், அவ்வளவு அடக்கமானவன். ஜோர்ஜ் என்னைக் கயாக்கோடு கட்டி இழுத்துவந்தார். குடியார் பள்ளி முற்றத்தில் கூடியிருக்க, உப்பு வடிய, ஒற்றைச் செருப்போடு போய் நின்றேன்.

"ஜும்ஆவ உட்டவரையா மரைக்காராக்கப் போறீங்க?" என்றான் அச்சிமுகம்மது.

"நான் உடல்ல மச்சான், மீன் என்ன உடல்ல!"

"எவ்வளவு பெரிசு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

"நூறு கிலோவுக்குக் கொறயாது!"

"ஓம், மனிசன் நிந்தவூருக்கு நேர கிடந்தார்," என்று ஜோர்ஜ் வாசலில் நின்றபடியே சாட்சி சொன்னார். மௌலவி தாடியைத் தடவி, "அவரு விரும்பிப் போகல்ல, வேற ஒண்டு இழுத்துக்கிட்டுப் போயிரிக்கி. அது தடைதான், குத்தமில்ல," என்றார். உடனே பின்வரிசையிலிருந்து, "நாலு மணித்தியாலம் புடிச்ச புடிய உடல்ல! நம்மட குடிக்கு இப்பிடி ஆள்தான் வேணும்," என்று ஒரு சத்தம், பிறகு ஒன்பது சத்தம். அவ்வளவுதான். நீ இப்போது வாசித்துக்கொண்டிருப்பது மரைக்கார் முகைதீன்பாவாவின் கடிதம். அதிர்ச்சியில் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, புரியாணி மட்டும் இறங்குகிறது.

உனக்கு நீண்ட ஆயுளையும் நிழலான வேலையையும் அல்லாஹ் தருவானாக. உன் கயாக்குக்கு ஒரு கீறலும் இல்லை.

இப்படிக்கு,
துஆக்களுடன் மாமா,
மரைக்கார் முகைதீன்பாவா

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மாமி வளவிலிருந்து கூப்பிட்டா. உப்பைக் கழுவுவதற்குக் கயாக்கைக் கவிழ்த்திருக்கிறா. "மரைக்கார், இஞ்ச வாங்க! ஒங்கட மீன் இஞ்ச இரிக்கி." அடியில் ஒரு வார் தொங்குமே, அதில் என் முள் ஏறி நிற்கிறது, வெட்டிய நூலோடு. மணலை எந்நேரமோ கழன்று களப்புக்குத் திரும்பியிருக்கும். தெற்கே கொண்டுபோனது நீரோட்டம். நாலு மணித்தியாலம் நான் பிடித்து இழுத்தது என்னைத்தான். மௌலவி தடை என்று ஏற்றுக்கொண்டது வேறொன்று இழுத்ததை. நீரோட்டத்தைத் துடுப்பால் வென்று வந்திருக்கலாம்; என்னைப் பிடித்து வைத்திருந்தவன் நானே என்றால் எந்தத் தடை? மதிலுக்கு அந்தப் பக்கம் உன் உம்மா சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அஸர் தொழுகைக்கு முன் அச்சிமுகம்மதுவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நானே முந்திக்கொண்டு மௌலவியிடம் போகிறேன், ஆசனத்தை ஒப்படைக்க. மேலே மரைக்கார் என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் வெட்டிவிட்டு வாசி. ஆனால் ஒன்று, பள்ளி முற்றத்தில் நான் பொய் சொல்லவில்லை. என் பாரம் எண்பத்திரண்டு கிலோ, உன் கயாக் இருபத்தெட்டு. பத்துக் கிலோ குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.