பார்சல் ஆபீஸ் முடிச்சு

எலியேசர் ஜெபசீலன், பிறப்பு 1942. தாம்பரம் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பணி, 1964 முதல் 2002 வரை.

வாசகரே, விமானத்தில் போகிறவர்கள் ஓர் இனம்; போகிறவர்களுடைய பெட்டியைக் கட்டித் தருகிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்துக்கு விசா வேண்டும். இரண்டாம் இனத்துக்கு ஒன்றும் வேண்டாம். அடுத்த வீட்டில் பெட்டி திறக்கும் ஓசை காதில் விழுந்தால் போதும். ஜெபசீலன் இந்த இரண்டாம் இனத்தின் தலைமகன். அவர் விமானத்தில் ஏறியதில்லை. அதனால் என்ன? கீழ்க்கட்டளையில் அவர் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேதானே விமானங்கள் தாழ்ந்து பறக்கின்றன!

2007ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், துபாயில் இருந்த மகள் ஃபஹீமாவுக்குக் குழந்தை பிறந்திருக்க, பக்கத்து வீட்டு சித்திகா புறப்பட்டார். தெருவெங்கும் சுக்கும் நல்லெண்ணெயும் மணக்க அவரே கிண்டிய பிரசவ லேகியம் மகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மற்றவை வழியில் தொலைந்தாலும் சம்மதம்.

ஜெபசீலன் பொறுப்பேற்றார். எடை மெஷினில் அட்டைப்பெட்டியோடு ஏறி நின்று, பிறகு பெட்டியில்லாமல் ஏறி நின்று, கழித்து, கழித்ததை நம்பாமல் மீண்டும் ஏறி நின்றார். ஊக்கு, கொண்டை ஊசி, நகவெட்டி, பல்குச்சி ஆகியவற்றை ஆயுதங்கள் என்று அறிவித்துப் பறிமுதல் செய்தார். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியட்டும் என்று லேகிய டப்பாவின் நான்கு பக்கமும் ‘லேகியம்’ என்று தடித்த எழுத்தில் எழுதினார். சித்திகாவின் கணவர் மைதீன் பிச்சையைக் கைகளை விரித்து நிற்கவைத்து, தோசைத் திருப்பியால் தடவி ஒத்திகையும் நடத்தினார்.

“போறது அவ, சார். என்னை எதுக்குத் தடவுறீங்க?”

“பழகி வைங்க, பாய்.”

கடைசியில் வந்தது நைலான் கயிறு. அவர் கட்டிய மூட்டை எதுவும் பணிக்காலம் முழுவதும் வழியில் அவிழ்ந்ததில்லை. இதுவும் அவிழாது.

“செக்கிங்ல திறக்கச் சொன்னா?” என்றார் சித்திகா.

ஜெபசீலன், நகவெட்டியைப் பறித்த அதே கையால், காய் நறுக்கும் கத்தி ஒன்றை அவருடைய கைப்பையில் வைத்தார். “டக்குனு எடுத்து அறுத்துக் காட்டுங்க. ஆபீசருக்குச் சிரமம் வைக்கக் கூடாது.”

விமான நிலைய எக்ஸ்ரேயில் எழுத்து தெரியவில்லை. கறுப்பாக, உருண்டையாக ஏதோ தெரிந்தது. திறக்கச் சொன்னார்கள். சித்திகா மலர்ந்த முகத்துடன் கத்தியை உருவினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்வதே நாகரிகம். கத்தி போயிற்று. கட்டு இருந்தது. அறுக்கலாமென்றால், அந்தக் கூடத்தில் அகப்பட்ட கத்தியும் கத்தரிக்கோலும் பறிமுதல் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி சாப்பிடப் போயிருந்தவரிடம். ஒரு காவலர் பல்லால் கடித்தார். வரிசையில் நின்ற ஒருவர் பேனாவால் நெம்பி, பேனாவை இழந்தார். கண்ணாடிக்கு வெளியே ஜெபசீலன் பூரித்து நின்றார்.

“பாத்தீங்களா, பாய்! நாலு பேர் இழுக்கறாங்க, அசையலை!”

மைதீன் பிச்சையின் செல்போன் அடித்தது. “ஏங்க, அந்த சாரைக் கேளுங்க, எந்த முனையை இழுத்தா அவுரும்? கவுன்ட்டரை மூடப் போறாங்க!”

போன் கை மாறியது. ஜெபசீலன் தொண்டையைச் செருமினார்.

“அவுக்கிறதாம்மா? கட்டுறதுதான் எங்க செக்‌ஷன். அவுக்கிறது போய்ச் சேர்ற ஸ்டேஷன்காரங்க வேலை.”

விமானம் சித்திகாவோடு போயிற்று. பெட்டி வெளியே வந்தது. வீட்டு அரிவாள்மணையை நினைத்தபடி அதைத் தூக்கிய மைதீன் பிச்சையை ஜெபசீலன் தடுத்தார். கத்தி பட்டால் அது கட்டுக்கே அவமானமல்லவா? தாமே அவிழ்த்து, லேகியத்தை அடுத்த விமானத்திலேயே அனுப்புவதாக வாக்களித்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தக் குழந்தை தவழ்ந்தது, நடந்தது, அதற்குத் தம்பியும் பிறந்தான். இம்முறை சித்திகா புதிதாக லேகியம் கிண்டி, ஜிப் வைத்த பெட்டியில் போட்டு, ஜெபசீலன் ஆலயத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓசைப்படாமல் புறப்பட்டுவிட்டார். லேகியம் போய்ச் சேர்ந்தது.

சிரிக்கிறீர்களா? ஊருக்குப் போகிறவர் மூடி வைத்த பெட்டியை, “இருங்க, நான் பாக்கறேன்” என்று நீங்கள் திறந்ததே இல்லையா? உங்கள் பரணில் நைலான் கயிற்றுச் சுருள் எதுவும் இல்லையே? எதற்கும் ஏறிப் பாருங்கள்.

அந்தக் கட்டை அவிழ்க்க எலியேசர் ஜெபசீலன் கடைசியாக முயன்ற நாள்: 14 நவம்பர் 2009.