தியெனாபா அறையில் எண்பத்தெட்டு

நோட்டைத் திறந்ததும் ரொகாயாவுக்கு வயிறு எரிந்தது.

எண்பத்து மூன்று. மறுநாள் எண்பத்தெட்டு. இரண்டும் தியெனாபாவின் கோழிக் கிறுக்கல். அதற்கு மேல் இரண்டு நாள் ரொகாயாவே எழுதியது. அறுபது, அறுபது.

"என் ரூம்ல படுத்தா இந்த மனுஷனுக்கு நெஞ்சு அசைய மாட்டேங்குது. அவ ரூம்னா குதிச்சுக்கிட்டு ஓடுதோ?"

அந்த மனுஷன் மாலிக், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். பத்து நாளுக்கு முன் தியெஸ் நகரச் சந்தையில் தக்காளிக் கூடைமேல் மயங்கி விழுந்தார். நாடி முப்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது என்று இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தினமும் விடிந்ததும் ஒரு நிமிஷம் நாடியை எண்ணி நோட்டில் எழுத வேண்டும்.

வீட்டில் மனைவிகள் இருவர், மூத்தவள் ரொகாயா, இளையவள் தியெனாபா. ஆளுக்கு இரண்டு நாள் முறை. யார் முறையோ அவளுக்குச் சமையல், அவளுக்கு மாலிக். இப்போது நோட்டும் அவளுக்குத்தான். இப்படியா அடுத்தவள் கணக்கு கையில் வந்து விழும்!

ரொகாயா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், என் ரூம்ல மட்டும் மெஷின் சரியா வேலை செய்யலை."

"நாடி எவ்வளவு?" என்றாள் சிஸ்டர் பெர்னாதெத்.

"அறுபது."

"நல்லாத்தானே இருக்கு! அதுக்குக் கீழே இறங்க விடாம மெஷின் தட்டிக் குடுக்கும். அவர் இதயம் நிம்மதியா ஓய்வெடுக்குதுன்னு அர்த்தம்."

ஓய்வாம்! இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் வந்து ஓய்வு. ஆறு வருஷத்துக்கு முன் வந்தவளிடம் ஓட்டம். ரொகாயா போனைப் படுக்கையில் விட்டெறிந்தாள்.

அடுத்த முறை வந்ததும் அறையில் வாசனைப் புகை போட்டாள். ஒரு பிடி போட வேண்டிய இடத்தில் நாலு பிடி. மாலிக் தையலைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"என்னை என்ன மீனுன்னு நினைச்சியா? புகை போட்டுக் காயவைக்குறே!"

காலையில் எண்ணினாள். அறுபது.

மறுநாள் பெட்டியைக் குடைந்து, கல்யாணப் புதுசில் கட்டிய இடுப்பு மணிகளை எடுத்தாள். ஏழு சரத்தையும் கட்டிக்கொண்டு, கலகலவென்று கட்டிலை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"ரொகாயா, ரூம்ல எலி பூந்துருக்கு பாரு," என்று சொல்லிவிட்டு மாலிக் குறட்டை விட்டார்.

அறுபது.

நோட்டு தியெனாபாவிடம் போய்த் திரும்பியது. எண்பத்தைந்து, தொண்ணூறு.

"அக்கா, உங்க ரூம்ல இவரு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாராமே?" என்றாள் தியெனாபா.

"குத்திக் காட்டுறியாடி?"

"ஐயோ, சத்தியமா இல்லக்கா!"

அன்று ரொகாயாவின் மீன் சோற்றில் பதினைந்து மிளகாய் விழுந்தது. இதற்கும் துள்ளாத நெஞ்சு இருக்கிறதா, பார்த்துவிடுவோம்!

முதல் கவளத்திலேயே மாலிக்கின் கண் பிதுங்கியது. "தண்ணி! தண்ணி!" என்று பதறி, தலைக்கு மேலே அலமாரியில் இருந்த ஜாடியை எட்டிப் பிடித்தார், இடது கையால்.

"ஆ!" என்று தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

ரொகாயாவுக்கு உயிரே போய்விட்டது. ஓடிவந்து நாடியைப் பிடித்தாள். நூற்று நாலு!

"யா அல்லா, எனக்கு அறுபதே போதும்! இவரை மட்டும் விட்டுடு!"

டாக்ஸியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இருவரும் அழுதுகொண்டே போனார்கள். நடுவில் மாலிக் நாக்கை நீட்டி விசிறிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் பெர்னாதெத் அவர் நெஞ்சின்மேல் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள். "மெஷினோட வயர் நகரலை. தோள் ரெண்டு நாள் வலிக்கும், அவ்வளவுதான்." பிறகு நோட்டைப் புரட்டினாள். "இதென்ன, நடுவுல நடுவுல எண்பது, தொண்ணூறு? மெஷின்ல விடியக்காலை எல்லாமே அறுபதுன்னுதானே பதிவாகியிருக்கு?"

ரொகாயா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எல்லாமேவா?"

"எல்லாமே. இதை யாரு எழுதினது? எப்படி எண்ணுனீங்க, காட்டுங்க."

தியெனாபா பயந்துகொண்டே மாலிக்கின் மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"கட்டைவிரலா! அதுல உங்க துடிப்பே தெரியும்மா. இத்தனை நாளா நீங்க எழுதினது உங்க நாடியை! யாரு சொல்லிக் குடுத்தா?"

"அக்காதான். கையைப் பிடிச்சு எண்ணுன்னாங்க. எந்த விரல்னு சொல்லலை."

ரெண்டு விரல் வைத்து எண்ணும் வித்தையைத் தனக்கென்று முடிந்துவைத்திருந்த ரொகாயா, ஜன்னல் பக்கம் திரும்பி மாமரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"சரி, அது கிடக்கட்டும். சின்ன வயசு, தூங்கி எழுந்ததும் எண்பத்தெட்டு, தொண்ணூறு! உங்களுக்கு என்னம்மா அவ்வளவு படபடப்பு?"

தியெனாபா முந்தியைத் திருகினாள்.

"அக்கா முறை வந்துடுமேன்னுதான், சிஸ்டர்."