சிவப்புப் பொட்டுப் பட்டாம்பூச்சி

மணி பதினொன்றாகியும் ஒரு பட்டாம்பூச்சிகூடக் கொளஞ்சிநாதனுக்கு முகம் காட்டவில்லை. மே மாத வெயிலில் அவர்தான் வதங்கிக்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருஷமாகப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர். நீல இறக்கையில் நான்கு சிவப்புப் பொட்டு வைத்த அவருடைய பட்டாம்பூச்சியை, இப்படியொன்று உலகத்திலேயே கிடையாது என்று சென்னைக் கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி ராஜாங்கம் தீர்ப்புச் சொன்னார்.

"நெசமாவே இருந்தா போட்டோ புடிச்சிக்கிட்டு வாங்க. இல்லன்னா திங்கக்கெழமையிலேருந்து பியூஸ் கேரியர் பக்கம் போயிடுங்க."

மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கேரியருக்கு ஒரே நிறம், வெள்ளை. அங்கே தூரிகைக்கு வேலையே இல்லை. அதைக் கேட்டதிலிருந்து கொளஞ்சிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கருவேப்பிலங்குறிச்சி தாண்டி இந்தக் காப்புக்காட்டுக்கு வந்தார். 'இங்கே காணப்படும் ஏழு வகைப் பட்டாம்பூச்சிகள்' என்று வாசலில் ஒரு போர்டு. படங்களெல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தன. காவலர் காத்தவராயன் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து வைத்தால் பட்டாம்பூச்சி வரும் என்று செல்போனில் பார்த்திருந்தார். வைத்தார். எறும்பு வந்தது. பிறகு குரங்கு வந்தது. பழத்தைத் தின்றுவிட்டு, தயிர்சாத டப்பாவையும் தூக்கிக்கொண்டு போனது.

சட்டைப்பையில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்த பீங்கான் பட்டாம்பூச்சி இருந்தது. கொளஞ்சிநாதன் பொய்யே சொல்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டாம்பூச்சி விஷயத்தில் அதுவரை சொன்னதில்லை. விரலில் ஒட்டியிருந்த வெல்லப்பிசினைத் தடவி அந்தப் பொம்மையை எருக்கம்பூமேல் உட்கார வைத்தார். படம் பிரமாதமாக விழுந்தது. முதலாளிக்கு அனுப்பினார். தூரிகை உங்களுக்கே என்று உடனே பதில் வந்தது.

"சார், அசையாதீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பட்டாம்பூச்சிக் கணக்கெடுக்க வந்த கல்லூரிப் பேராசிரியை சிவசங்கரி. கழுத்தில் பைனாகுலர். இருபது வருஷத்தில் இப்படியொன்றைப் பார்த்ததில்லை என்று கிசுகிசுத்தபடி அடிமேல் அடி வைத்து நெருங்கினார். கொளஞ்சிநாதன் பதறிப்போய்த் துண்டை வீசி, பொம்மையை அமுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"பறந்துபோச்சிங்க."

திரும்ப வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லி அம்மையார் குடையை விரித்து உட்கார்ந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். இது புது இனமென்றால் கொளஞ்சிநாதன் பெயரையே வைக்கலாம் என்றார். கொளஞ்சிநாதன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். குட்டு உடைந்தால் பியூஸ் கேரியர் வேலைகூட மிஞ்சாது.

பேராசிரியை கூப்பிட்டதும் காத்தவராயன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு கொளஞ்சிநாதனின் புடைத்த சட்டைப்பையைப் பார்த்தார்.

"இத இங்க பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்னங்க மேடம். அப்பப்ப வரும்."

பேராசிரியை கல்லூரிக்குச் சேதி சொல்லப் போனோடு மேட்டுப்பக்கம் ஓடினார். காத்தவராயன் கொளஞ்சிநாதனின் காதருகே குனிந்தார்.

"பயப்படாதீங்கண்ணே. போர்டுல இருக்குற ஏழும் செடியில நான் ஒட்டி வெச்ச ஒங்க ஊரு பொம்மதான். அதுல ரெண்ட கொரங்கு ஒடச்சிடுச்சி, அடுத்த தடவ வர்றப்ப எடுத்துக்கிட்டு வாங்க."