ஆமைத் துப்பறிவாளரும் இருநூற்றெட்டுச் சனிக்கிழமைகளும்

குடும்பத்தோடு உட்கார்ந்து விளையாடத்தக்க வீடியோ கேம் எது, தகாதது எது என்று முடிவு செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும்.

அந்த அலுவலகத்தின் விதிகளில் 'குடும்பம்' என்பதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. மூன்று தலைமுறைகளைச் சேர்ந்த, நான்கு பேருக்குக் குறையாத, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற கூட்டமே குடும்பம். அப்படிப்பட்ட குடும்பம் ஒன்று பதினான்கு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு 'விளையாடுவோர் மனப்பதிவுப் படிவம்' நிரப்பித் தரவேண்டும். விளையாடுவதற்கு முன் இருந்த பாசம் விளையாடிய பிறகும் குறையாமல் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். பாசத்தைப் பத்துக்கு இத்தனை என்று எண்ணில் குறிக்க வேண்டும். அரை, கால் எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.

அலுவலகம் முழுவதும் தேடினாலும் இந்த விளக்கத்துக்கு உட்பட்ட குடும்பம் உதவி மதிப்பீட்டாளர் ஒருவரிடம்தான் இருந்தது. அவர், அவர் மனைவி, பத்து வயது மகள், மாமனார். ஆகவே 'ஆமைத் துப்பறிவாளர்: இரண்டாம் பாகம்' என்ற விளையாட்டு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

முதல் பாகத்தை மதிப்பிட்டவர் இன்னொருவர். அவர் அதற்குப் பிறகு தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பதாகக் கேள்வி. அது எந்தக் கோப்பிலும் இல்லை, ஆகவே நடக்கவில்லை.

உதவி மதிப்பீட்டாளர் ஆசாபாசங்கள் குறைந்த மனிதர். இவ்வுலகத்தில் தனக்குச் சொந்தம் என்று அவர் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அது சனிக்கிழமை.

நான்கு வருடங்களுக்கு முன்னால், இனிமேல் சனிக்கிழமை விடுமுறை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். ஞாபகம் வந்தபோது, இத்தனை நாள் கழித்துச் சொன்னால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார். சனிக்கிழமை காலையில் வழக்கம்போலக் குளித்து, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போவார். காவலாளி கதவைத் திறந்துவிடுவார். உள்ளே பிரிவுத் தலைவர் ஏற்கனவே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். தட்டச்சு அம்மா நாவலில் மூழ்கியிருப்பார். ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். நம் ஆள் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு மாலை ஐந்து வரை தூங்குவார். பிறகு களைத்த முகத்தோடு வீடு திரும்புவார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள்!

விளையாட்டும் பரம சாது. கொலை கிடையாது, ரத்தம் கிடையாது, யாரும் யாரையும் 'டேய்' என்றுகூடச் சொல்லமாட்டார்கள். முதல் பாகத்தில் மேயரின் குடை காணாமல்போகும். இரண்டாம் பாகத்தில் மேயரின் மூக்குக்கண்ணாடி. ஆமை மெதுவாக நடந்துபோய் ஒவ்வொருவரையும் மரியாதையாக விசாரிக்கும்.

"மாப்பிள்ளை, இது என்ன விசாரணை? இந்த ஆமை ஒரு ஆளைக்கூட நிமிர்ந்து பார்த்துக் கேக்க மாட்டேங்குதே!" என்றார் மாமனார். முப்பத்தெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டினால் அவர் கை தானாக நீளும்.

"பொறுமையா இருங்க மாமா. மூணு நாள்ல முடிச்சாகணும். படிவத்துல ஏழாவது கேள்வி, 'முதல் பாகத்தோடு ஒப்பிடுக'. அதுக்கு 'முதல் பாகம் மாதிரி வராது'ன்னு எழுதிடுங்க."

"நாமதான் முதல் பாகமே பாக்கலையே?" என்றாள் மனைவி.

"யாரும்தான் பாக்கல. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

மூன்றாம் நாள் மாலை மூக்குக்கண்ணாடி கிடைத்துவிட்டது. மேயரின் தலைமேலேயே இருந்திருக்கிறது. பதினான்கு மணி நேரத்தில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. உதவி மதிப்பீட்டாளர் நேர்மையானவர். விதியை மீற மாட்டார். அங்கேதான் வினை வந்தது.

"அப்பா, இரண்டாம் பாகத்துல புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க. 'உங்கள் வீட்டு வழக்கு'ன்னு! நம்ம வீட்டுல ஏதாவது காணாமப்போனா ஆமைகிட்ட சொல்லலாம். யார் எந்த நேரத்துல எங்க இருந்தாங்கன்னு அட்டவணை போட்டுக் கண்டுபிடிச்சிடும்," என்று குதித்தாள் மகள்.

"நம்ம வீட்டுல எதுவும் காணாமப்போகல," என்றார் அவசரமாக.

"போன சனிக்கிழமை பிஸ்கட் டப்பா காலியாச்சே!"

அவர் எழுந்து திரையை அணைப்பதற்குள் மகள் மளமளவென்று தட்டிவிட்டாள். சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை அப்பா அலுவலகத்தில். அம்மா, தான் வரவேற்பாளராக இருக்கும் பல் கிளினிக்கில். மகள் பள்ளியில், சிறப்பு வகுப்பில். தாத்தா, ஓய்வுபெற்ற ரயில் ஊழியர் சங்கக் கூட்டத்தில்.

திரையில் ஆமை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது. 'வீட்டில் ஒருவருமே இல்லை. பிஸ்கட்டுக்குக் கால் முளைத்ததா? வாய்ச்சொல் போதாது. ஒவ்வொருவரும் ஆவணம் காட்டுக' என்று எழுத்து வந்தது.

"அப்படிக் கேளு!" என்று மாமனார் துள்ளி எழுந்தார். "இப்பத்தான் ஆமை ஒழுங்கா வேலை பாக்குது. மாப்பிள்ளை, முதல்ல நீங்க."

மகள் ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த அரசு நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதில் சனிக்கிழமைகள் எல்லாம் சிவப்பாக இருந்தன.

"சிவப்புன்னா அவசர வேலை இருக்கிற நாள்னு முன்னாடியே சொல்லியிருக்கேனே," என்றார் உதவி மதிப்பீட்டாளர்.

"முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல சிவப்புன்னா எனக்கு விடுமுறைதான் தெரியும்," என்றார் மாமனார். "ஞாயித்துக்கிழமையும் இதே சிவப்புதான் போட்டிருக்கு. அன்னைக்கு நீங்க அவசரமா ஒண்ணும் பண்ணலையே?"

உதவி மதிப்பீட்டாளர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இரண்டு நாற்காலி உட்பட.

"நாலு வருஷமா?" மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள். "நாலு வருஷமா நான் விடியக்காலைல எழுந்து டப்பா கட்டினது நீங்க தூங்குறதுக்கா? உங்களுக்கே நல்லா இருக்கா இது?"

"அம்மா, உன் ஆவணம்?" என்றாள் மகள்.

"எனக்கு எதுக்கு ஆவணம்?"

மகள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த கிளினிக் அட்டையை எடுத்துக்கொடுத்தாள். மாமனார் அதைக் கண்ணுக்கருகே வைத்து, முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'சனி, ஞாயிறு விடுமுறை' என்று சத்தமாகப் படித்தார்.

மனைவி மெதுவாக உட்கார்ந்தாள்.

"சாவி என்கிட்டதான் இருக்கு," என்றாள். "அந்தப் பல் பிடுங்குற நாற்காலி இருக்கே... அதைப் பின்னால சாய்ச்சுப் போட்டு, மேல இருக்கிற விளக்கை அணைச்சுட்டுப் படுத்தா என்ன சுகம் தெரியுமா? யாரும் 'அது எங்க, இது எங்க'ன்னு கேக்க மாட்டாங்க."

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "குடும்பமே டிக்கெட் இல்லாம வந்த கேஸ்! குட்டி, நீயும்தான். சிறப்பு வகுப்பாம்! நூலகத்துல உக்காந்து சித்திரக்கதை படிச்சிட்டிருந்ததை நான் பாத்தேன்."

"எங்கிருந்து பாத்தீங்க தாத்தா?"

"எதுத்தாப்பல ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து..."

சிரிப்பு நின்றது. ஆமையைத் தவிர எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"சங்கம்னு ஒண்ணு கிடையாது," என்றார் மாமனார் தரையைப் பார்த்தபடி. "வெளிய வர்ற வழியில நின்னு ஜனங்களோட முகத்தைப் பாப்பேன். யார்கிட்ட டிக்கெட் இல்லேன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். ஆனா கேக்க மாட்டேன். சும்மா மனசுக்குள்ள எண்ணிப்பேன், அவ்வளவுதான்."

பிஸ்கட் விஷயம் அதற்குப் பிறகு நிமிஷத்தில் தீர்ந்தது. நான்கு பேரும் வெள்ளிக்கிழமை மாலையே ஆளுக்குக் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'குற்றவாளிகள்: அனைவரும். கைகுலுக்கிக் கொள்ளுங்கள்' என்றது ஆமை.

குலுக்கிக் கொண்டார்கள். முதலில் மகள் சிரித்தாள். பிறகு எல்லோருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு மாலை வந்ததில்லை. உதவி மதிப்பீட்டாளருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இவர்களைப் போய் விட்டுவிட்டு ஓடினோமே என்று நினைத்தார். இருந்தாலும், சனிக்கிழமை ஏற்பாடு அப்படியே தொடரும், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று நால்வரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

மறுநாள் அவர் பிரிவுத் தலைவரிடம் விஷயத்தை மெதுவாகச் சொன்னார்.

"என்னய்யா சொல்ற? அட்டவணை போடுதா?" பிரிவுத் தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. "இது மட்டும் கடைக்குப் போச்சுன்னா என் வீட்டுல வாங்கிடுவாங்கய்யா! என் பொண்டாட்டிக்கு ஆமைன்னா உசிரு!"

"எனக்கும் அந்தப் பயம்தான் சார். உங்க வீட்டுல தெரிஞ்சா நீங்க வரமாட்டீங்க. நீங்க வரலைன்னா ஆபீஸைத் திறக்கமாட்டாங்க. நான் எங்க போய்ப் படுக்கறது?"

"நிராகரிச்சுடு. 'குடும்ப ஒற்றுமையைக் குலைக்கிறது'ன்னு எழுதி வாங்கிட்டு வா. நாலு பேர்கிட்டயும் பக்காவா வாங்கணும்."

வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மாமனார் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 'இவ்விளையாட்டு எங்கள் ஒற்றுமையைச் சுக்குநூறாக்கிவிட்டது. விளையாடுவதற்கு முன் பாசம் ஒன்பது, பின் இரண்டு. முதல் பாகம் போல் வராது.' எழுதிவிட்டு, நால்வரும் சேர்ந்து மேயரின் மூக்குக்கண்ணாடியை இன்னொரு முறை தேடினார்கள்.

பத்தாம் நாள், இயக்குநர் அம்மையாரின் மேசையிலிருந்து கோப்பு திரும்பி வந்தது. அதில் சிவப்பு மையில் இப்படி எழுதியிருந்தது:

'நான்கு மனப்பதிவுகளையும் கூர்ந்து பரிசீலித்தேன். நான்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளன. இத்துறையின் வரலாற்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் தேதியைக்கூட ஒன்றுபோல் எழுதியதாகச் சான்று இல்லை. தங்கள் ஒற்றுமை குலைந்துவிட்டது என்பதை இவ்வளவு ஒற்றுமையாகத் தெரிவிக்கும் குடும்பம், ஒற்றுமையின் உச்சியில் இருக்கிறது என்பதே சட்டப்படியான முடிவு. எனவே இவ்விளையாட்டுக்கு முதல் தரக் குடும்பச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. மேற்படிக் குடும்பத்துக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்புக.'

பிரிவுத் தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

விளையாட்டு அமோகமாக விற்றது. வாங்கியவர்கள் எல்லோரும் 'முதல் பாகம் போல் வராது' என்று தங்கள் மனப்பதிவை எழுதிவைத்தார்கள். வீட்டுக்கு வீடு அட்டவணை போட்டார்கள். உடற்பயிற்சிக்கூடம் போனவர்கள் பேக்கரியில் இருந்தது தெரிந்தது. உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் பூங்காவில் செருப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பிரிவுத் தலைவரின் மனைவி எட்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

இயக்குநர் அம்மையார் வீட்டிலும் வாங்கினார்கள். அவர் நான்கு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் 'திடீர் ஆய்வு' போய்க்கொண்டிருந்தவர். அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஆமையின் முன்னால் அவரை உட்காரவைத்து ஆவணம் கேட்டார்கள். அம்மையார் சாதாரண ஆளில்லை. "நாளைக்குக் காட்டுறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். மறுநாள் ஆவணம் தயாராகிவிட்டது.

'சனிக்கிழமை விடுமுறை குறித்த சுற்றறிக்கை, நான்கு வருடங்களுக்கு முந்தைய தேதியிட்டு இதனால் ரத்து செய்யப்படுகிறது. கடந்த நான்கு வருடங்களின் சனிக்கிழமைகள் அனைத்தும் வேலை நாட்களாகவே இருந்தன என்று கருதப்பட வேண்டும். இனியும் அவ்வாறே.'

அந்த ஒரு தாளில் அலுவலகமே புனிதமாகிவிட்டது. நான்கு வருடங்களாக யாருமே பொய் சொல்லவில்லை. பிரிவுத் தலைவர் அதைச் சட்டம் போட்டு வீட்டு வரவேற்பறையில் மாட்டினார். உதவி மதிப்பீட்டாளருக்கோ சனிக்கிழமை போயே போய்விட்டது. இனி அன்றைக்கும் நாற்காலி ஒன்றுதான். அதிலும் உட்கார வேண்டும்.

வியாழக்கிழமை இரண்டாவது தாள் வந்தது.

'மேற்படி இருநூற்றெட்டுச் சனிக்கிழமைகளிலும் தாங்கள் ஆற்றிய பணி என்ன என்பதை, நாள்வாரியாக, தனித்தனி அறிக்கையாகத் திங்கட்கிழமை காலைக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.'

வெள்ளி முழுக்க எழுதினார். சனி முழுக்க எழுதினார். நாற்பத்தொன்றுதான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ஆபீஸ் போயிட்டு வர்றேன்," என்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஞாயித்துக்கிழமையுமா?"

"நிஜமாவே வேலை இருக்கும்மா. நூத்தி அறுபத்தேழு அறிக்கை எழுதணும். சத்தியமாச் சொல்றேன்."

"நான் ஏதாவது கேட்டேனா? கேக்கறதில்லைன்னுதானே பேச்சு!" என்று எழுந்து கிளினிக் சாவியைத் தேடினாள். "எங்க டாக்டரும் இன்னைக்கு வரச்சொல்லியிருக்கார். மறந்தே போயிட்டேன் பாருங்க!"

"எனக்கும் சிறப்பு வகுப்பு இருக்குப்பா," என்றாள் மகள், பையைத் தோளில் மாட்டியபடி.

மாமனார் ஏற்கனவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளைதான்! இது எனக்குத் தோணவே இல்லையே!" என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு நால்வரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள். தெருமுனைவரை சிரித்துப் பேசிக்கொண்டே நடந்தார்கள். அங்கே மூன்று பேர் கையசைத்துவிட்டு மூன்று பக்கம் பிரிந்துபோனார்கள். உதவி மதிப்பீட்டாளர் மட்டும், சொன்னபடியே, அலுவலகத்துக்குப் போனார்.