வேகவைத்த கல்லுக்கு நன்றி

மானாம்பதி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள மைத்துனன் பீட்டருக்கு,

மாமா சாமுவேல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும், உன் அக்கா பாக்கியமேரியும், அவளுக்குள் இருக்கும் உன் கிட்னியும் ஆக மூவரும் சுகம். அங்கே நீயும், உன்னிடம் மிச்சமிருக்கும் ஒன்றும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் பேர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி ஆபீசுகளில் செடி பார்க்கிற வேலைக்குத் திரும்பிவிட்டாயாம். தொட்டி கிட்டி தூக்காதே, வேறு ஆளைத் தூக்கச் சொல்.

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய இரண்டு தொட்டியும் வந்து சேர்ந்தன. ஒன்றில் மணிபிளாண்ட், இன்னொன்றில் வெள்ளைப்பூ பூக்கும் செடி. இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் உன் அக்கா போனைத் தொடுவதில்லை. தம்பி உடம்பை அறுத்து வாங்கிக்கொண்டோமே என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு இட்லி வைத்தால் பாதி தட்டிலேயே இருக்கும். மாத்திரை மட்டும் வேளைக்குப் போடுவாள். அதோடு டாக்டர் வேறு, ஆறு மாசத்துக்கு மண்ணில் கைவைக்கக் கூடாது, மண்ணில் இருக்கும் கிருமி புது கிட்னிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். பதினாலு வயசில் நடவுக்கு இறங்கினவளிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது? மூன்று மாசமாக இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கிடையாது. இவள் இப்படியே வாடிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது பீட்டர், பொய் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் உன் தொட்டி வந்தது. எட்டிப் பார்த்தால் மண்ணே இல்லை. பழுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கல். முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவன் நான். மதகு திறந்து வயலுக்கு வயல் முறைத் தண்ணீர் விட்டவன். எந்தச் செடி எதில் வளரும் என்று எனக்குத் தெரியாதா? டிவி வாங்கினால் அட்டைப்பெட்டியில் தெர்மாகோல் வைத்துத் தருகிறான் இல்லையா, அதுபோலச் செடி ஆடாமல் இருக்க வழிக்குக் கல் போட்டு அனுப்பியிருக்கிறாய் என்று முடிவு கட்டி, செடி இரண்டையும் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிவிட்டு, கல்லையெல்லாம் வாசலில் கொட்டிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய் நல்ல வண்டலாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்தேன். படி ஏறுகிறேன், உள்ளே இருந்து உன் அக்கா குரல். "இன்னாய்யா அது கூடையில? மண்ணா? டாக்டரு இன்னா சொன்னாரு, நீ இன்னா பண்ணிக்கினு கீற?" தலையில் கூடையோடு அப்படியே நின்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பஞ்சாயத்து மோட்டார் ஆபரேட்டர் கலைச்செல்வன் அந்தப் பக்கமாக வந்தான். தொட்டியில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணே, இந்தக் கல்லுதாண்ணே மண்ணு. எரிமலைக் கல்லாம். உரமெல்லாம் இதுலயே கீதாம். கல்லு எங்க?" என்றான். கல் எங்கே? திரும்பிப் பார்த்தால் எங்கள் கோழி நாலும், அம்சா வீட்டுக் கோழி நாலும் கூடி நின்று கொத்திக்கொண்டிருக்கின்றன. கோழி கல் தின்பது தெரியும், ஆனால் கம்பு இறைத்தால்கூட இவ்வளவு ஆசையாகத் தின்று நான் பார்த்ததில்லை. விரட்டிவிட்டு மிச்சத்தை வாரினால் பாதிக்குப் பாதி மண்ணும் உமியும் கோழி எச்சமும். இதை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவது? கிருமி போக வேண்டும். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நெல் அவிக்கிற அண்டாவை இறக்கி, வாசலில் மூன்று கல் கூட்டி, தண்ணீர் ஊற்றி, கல்லைப் போட்டு, விறகு வைத்துக் கொதிக்கவிட்டேன்.

அடுத்த வீட்டு அம்சா தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் அண்டாவுக்குள் பார்த்தாள். "இன்னாண்ணா, கல்ல வேவ வெக்கிற?" நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன், புகையில் கண் இரண்டிலும் தண்ணீர். "இன்னும் வேவல, நீ போம்மா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரி, மாத்திரை என்று சாமுவேல் அண்ணன் வீட்டில் அரிசிக்கே வழியில்லாமல் போய், பொண்டாட்டி மனசு தேற வெறும் கல்லைப் போட்டு உலை வைத்துக்கொண்டு அழுகிறார் என்று தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அரை மணி நேரத்தில் ஒருத்தி முறத்தில் அரிசி, ஒருத்தி வாளியில் சாம்பார், ஒருத்தி கருவாட்டுத் தொக்கு, ஒரு வீட்டில் ஆக்கிய சோற்றைக் குண்டானோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை. கலைச்செல்வன் காகிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினான். "பாவம், இந்தப் புள்ளைக்கும் சித்தம் கலங்கிடுச்சி" என்றாள் அம்சா.

அப்போது கதவைப் பிடித்துக்கொண்டு, முகமூடியோடு உன் அக்கா வெளியே வந்தாள். அண்டாவைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள், கரி பூசின என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள் பீட்டர். தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, யாராச்சும் இந்த மனுசன அப்பால கூட்டிக்கினு போங்களேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தெருவே சிரித்தது. அன்றைக்கு அந்தக் குண்டான் சோற்றில் இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

கல் ஆறினதும் முறத்தில் கொட்டி அவளே பொறுக்கினாள். முப்பது வருஷமாக அரிசியில் கல் பொறுக்கினவள் முதல் தடவையாகக் கல்லில் உமி பொறுக்கினாள். கொதித்ததில் உரமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்த கொல்லை வாழை இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. தொட்டி ஓரத்தில் தண்ணீர் அளவு காட்டுகிற சிவப்புக் குச்சி இருக்கிறதே, அது இறங்கினால் ஏரி வற்றின மாதிரி எனக்குப் பதறும். தினமும் நிரப்பினேன். இலை மஞ்சளடித்தது. பிறகு கலைச்செல்வன், குச்சி அடியில் போய் இரண்டு நாள் கழித்துத்தான் ஊற்ற வேண்டும் என்று போட்டிருப்பதைப் படித்துக் காட்டினான். அட, நெல்லுக்கு நாம் செய்கிற காய்ச்சலும் பாய்ச்சலும்தானே! அதன்பிறகு நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. போன புதன்கிழமை வெள்ளைப்பூச் செடியில் புது இலை வந்திருக்கிறது. உன் அக்கா அதை ஈரத்துணியால் துடைக்கிறாள்.

கிட்னி கொடுக்க முதலில் நான்தான் முன்வந்தேன், சர்க்கரை இருக்கிறது என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், உனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நீ கொடுத்தாய், சந்தோஷம். உன் அக்காவுக்கு இன்னும் கூச்சம் தெளியாததால் நீ இப்போதைக்கு வர வேண்டாம், போனும் பண்ண வேண்டாம். நானே சொல்லி அனுப்புகிறேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சோபியாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னை மறவாத மாமா,
சாமுவேல்

பி.கு.: தம்பி பீட்டரு, அக்கா எழுதறேன். உங்க மாமாவுக்கு இங்கிலீஷ் விலாசம் எழுத வராது, எனக்குப் பாத்து எழுத மட்டும் வரும். படிக்காம மேல மட்டும் எழுதுன்னு கவரை என்கிட்ட குடுத்துட்டு கோழி அடைக்கப் போயிருக்காரு. முழுசும் படிச்சிட்டேன். நான் சிரிச்சது நெசம். அண்டா நெசம். மத்ததுல அக்கான்னு எழுதியிருக்கிற எடத்துல எல்லாம் மாமான்னு படிச்சிக்க. செவுத்தைப் பாத்துப் படுத்தது அவரு. அரை இட்லி அவரு. என் பொண்டாட்டிக்கு என்னால குடுக்க முடியலையேன்னு மூணு மாசமா யாரு மூஞ்சியும் பாக்கல. அன்னிக்கி ரெண்டு தட்டு துன்னதும் அவருதான், நான் பக்கத்துல குந்திப் பரிமாறினேன். போனை அணைச்சி டிரங்குப் பொட்டியில வெச்சதும் அவரேதான்னு இப்பதான் தெரியுது, ரிப்பேருன்னு சொன்னாரு. நீதான் என்னைக் கூப்புடலன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்டா.

வர்ற ஞாயித்துக்கெழமை சோபியாவையும் புள்ளைங்களையும் கூட்டிக்கினு வா. நன்றின்னு எதுவும் சொல்லத் தெரியாது இந்த மனுசனுக்கு, நீயா போயி அவரைக் கட்டிப் புடிச்சிக்க. நீ வர்றது அவருக்குச் சொல்ல மாட்டேன். கவரை நானே ஒட்டிட்டேன், அவரே கொண்டுபோயி போஸ்ட் பண்ணுவாரு.