மூன்றாவது சன்னலில் நின்ற பலகை

பலகை பாதி வழியில் நின்றுவிட்டது. அதுவும் பெண்கள் வார்டின் மூன்றாவது சன்னலுக்கு நேராக.

"தர்மா, கீழ இறக்குடா!" என்று கத்தினார் மாயவன்.

மொட்டை மாடியிலிருந்து தர்மனின் தலை எட்டிப் பார்த்தது. "கவுறு கப்பியில சிக்கிக்கிச்சுங்க மேஸ்திரி. ஆடாம குந்துங்க, பாக்கறேன்."

யுத்த காலம். தர்மபுரியின் அந்த மாடி ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. சாரம் கட்டினால் சன்னலெல்லாம் அடைந்துவிடும், நோயாளிகளுக்குக் காற்று வேண்டும் என்று டாக்டர் ஒரே பிடியாக நின்றார். அதனால் ஊஞ்சல் மாதிரி ஒரு பலகை, அதில் மாயவன், மேலே கயிற்றைப் பிடிக்கத் தர்மன். ஒரு வாரமாகச் சுவரில் விரிசல் அடைத்துச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மணி நாலு அடித்தது. உறவுக்காரர்களை உள்ளே விடும் நேரம். சோற்றுத் தூக்குப்போசியும் பிள்ளைகளுமாக வார்டு நிரம்பியது. சன்னலோரக் கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருந்த ஏரியூர் காசியம்மாளிடம் மட்டும் யாரும் வரவில்லை.

மாயவன் கூச்சத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பினார். பலகை அவரை மறுபடியும் சன்னல் பக்கமே திருப்பிவிட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் காசியம்மாள்.

மனைவி செத்து ஆறு வருஷம். அதியமான்கோட்டையில் பூட்டிய வீட்டைத் திறந்து, தானே களி கிண்டி, தானே தின்று படுப்பவர் அவர். ஆறு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

"இன்னும்... இல்லீங்க."

கம்பி வழியே ஆஸ்பத்திரி ரொட்டியில் பாதி வந்தது.

"எங்க வூட்டுக்காரர் கோலார் சுரங்கத்துக்குப் போயிப் பதினோரு வருசம். ஒரு கடுதாசி இல்ல" என்றாள், இந்த வருஷம் மழை இல்லை என்பது போல.

உள்ளே இரண்டு ஆண்கள் அவரை முறைத்தார்கள். பயந்துபோன மாயவன் சிக்கை விடுவிக்கச் சுவரை ஓங்கி உதைத்தார். சிக்கு விடவில்லை. சுண்ணாம்பு வாளிதான் கவிழ்ந்தது. கீழே வந்துகொண்டிருந்த டாக்டரின் கறுப்புக் குடை வெள்ளைக் குடையானது.

குடையோடு டாக்டர் மாடியேறினார். முன்னால் ஓடிவந்த நர்ஸ் தீர்த்தம்மாள், சன்னலுக்கு வெளியே ரொட்டியும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"அட! காசியம்மா, கோலார்லேர்ந்து வந்துட்டாரா? ஒரு வாரமா இங்க சுண்ணாம்பு அடிக்கறது உன் வூட்டுக்காரர்தானா? சொல்லவே இல்லியே!"

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காசியம்மாள் குனிந்த தலையோடு போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

'இல்லீங்க' என்ற சொல் மாயவனின் நாக்கு நுனியில் நின்றது. அந்த விரல்களைப் பார்த்தார். ரொட்டியோடு சேர்த்து அந்தச் சொல்லையும் விழுங்கினார்.

"ஆமாங்க" என்றார்.

"பதினோரு வருஷம் எங்கய்யா போயிருந்தே?" டாக்டர் உறுமினார்.

"வேலைங்க."

"வந்தவன் வாசல் வழியா வரக்கூடாதா?"

"கவுறு சிக்கிக்கிச்சுங்க."

"நாளையிலேருந்து தினம் நாலு மணிக்கு வரணும். இந்தம்மாவுக்கு நடை பழக்கக் கை பிடிக்க ஆள் வேணும். தெரிஞ்சுதா?"

"சரிங்க."

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு பெண், "இனியாச்சும் ஒழுங்கா இருங்க" என்று புத்தி சொன்னாள். அதற்கும் தலையாட்டினார்.

மணி ஐந்து அடித்தது. பலகை வெண்ணெயில் வழுக்குவது போலத் தரைக்கு இறங்கியது. படியிறங்கி வந்த தர்மனை மாயவன் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, ஒரு சிக்கு எடுக்க ஒரு மணி நேரமா? என்னை எந்த வம்புல மாட்டிவுட்டுட்டே, தெரியுமா?"

தர்மன் தலையைச் சொறிந்தான்.

"சிக்கே இல்லீங்க மேஸ்திரி. 'எல்லாருக்கும் ஆள் வருது, நாலு மணிக்கு அவரை என் சன்னலாண்ட நிறுத்து, எனக்கும் ஒருத்தர் வந்தாப்புல இருக்கும்'னு அந்தக்காதான் மூணு நாளாக் கெஞ்சுச்சுங்க."