வெள்ளைக்காரர் வயிற்றைத் தொட்டார்

மஞ்சள் முடியோடு ஓர் ஆள் வாசலில் நுழைவதைக் கண்டதும் எவரிஸ்தோ மேசைக்குப் பின்னால் விறைப்பாக நிமிர்ந்து நின்றான்.

மெக்ஸிகோவில், புவேப்லா நகரத்தின் அந்தச் சின்ன ஓட்டலில் வரவேற்பு மேசைக்கு அவன் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் வருடக்கணக்காகக் கீழே சலவை அறையில் ஆவியும் சோப்பு நெடியும்தான். மேனேஜர் உர்ரூத்தியா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வெள்ளைக்காரங்ககிட்ட ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை பேசினே, மறுபடியும் கீழதான்." கூடவே ஓர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தையும் தந்திருந்தார். அதில் எவரிஸ்தோ நாலு பாடம் நெட்டுருப் போட்டிருந்தான்.

வந்தவர் வாய் திறப்பதற்குள் முதல் பாடத்தை எடுத்து விட்டான். "குட் ஈவ்னிங், சார்! ஹவ் ஆர் யூ?"

அவர் திடுக்கிட்டார். பிறகு, "ஃபைன். தேங்க் யூ," என்றார்.

"யூ வான்ட் ரூம்?"

"எஸ்."

"வித் பால்கனி?"

"எஸ்."

பால்கனி அறை மாதாகோவில் மணிக்கு நேரெதிரே இருந்தது. யாரும் கேட்டு வாங்குவதில்லை. வெள்ளைக்காரர்கள் பட்டென்று 'நோ' சொல்லிவிடுவார்கள் என்று எவரிஸ்தோ கேள்விப்பட்டிருந்தான். இவரோ எதைக் கேட்டாலும் எஸ் என்றார். நல்ல இடத்துப் பிள்ளை.

சாவியைக் கொடுத்த பிறகு, தெரிந்த வார்த்தைகள் தீர்ந்துபோன இரண்டு மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தபடி நின்றார்கள்.

காலையில் அவர் சிவந்த கண்களோடு இறங்கி வந்தார். மேசை முன்னால் நின்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

எவரிஸ்தோவுக்கு உள்ளம் துள்ளியது. நாலாம் பாடம்! 'டாக்டரிடம்'!

"பெயின், சார்?"

"எஸ்," என்றார் அவர், யோசித்து.

"வெரி மச்?"

"எஸ், எஸ்!"

சமையலறைக்கு ஓடினான். தோன்யா சாயோ மோலே குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளைக்காரருக்கு வயித்து வலி!"

"எங்கயாவது மிளகாயைக் கடிச்சிருப்பாரு. அவங்க வயிறெல்லாம் கண்ணாடிடா. சீமைச்சாமந்தி டீ போட்டுக் குடு. சாப்பாட்டைக் கண்ணுல காட்டாதே."

டீயைக் குடித்தார். நன்றி சொன்னார். மறுபடி வயிற்றைத் தொட்டார்.

"இன்னும் வலிக்குதாம், அக்கா."

"இன்னொண்ணு குடு."

அதையும் குடித்தவர், குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நடந்தார். எவரிஸ்தோ பாய்ந்து கையைப் பிடித்தான். "நோ, சார்! பெட், ப்ளீஸ்!" படியேற்றும்போது அவர் திரும்பித் திரும்பி, அடுத்தவர் தட்டுகளை, ரயிலைத் தவறவிட்டவர்போலப் பார்த்துக்கொண்டே போனார். மதியமும் டீதான்.

மேனேஜர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எவரிஸ்தோவின் தோளில் தட்டினார்.

"பிரமாதம்டா! ஸ்பானிஷ் மூச்சே விடலை. இனி மேசை உனக்குத்தான். வா, அவரை நானே ஒரு எட்டு பார்த்து நலம் விசாரிக்கிறேன்."

மாடி அறை திறந்து கிடந்தது. ஆளைக் காணோம்.

"போச்சு சார்! தானாவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டாரோ!"

பின்படி வழியாக இருவரும் இறங்கி ஓடினார்கள். சமையலறை வாசலில் மேனேஜர் சட்டென்று நின்றார். எவரிஸ்தோ அவர் முதுகில் மோதினான்.

உள்ளே வெள்ளைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, சோளரொட்டியை மோலேயில் புரட்டிப் புரட்டி விழுங்கிக்கொண்டிருந்தார். தோன்யா சாயோ ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் வாய் நிறைய ரொட்டியோடு, தண்ணீர்பட்ட பாடாக ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சிரிக்காதீங்கக்கா, நான் நம்ம மெக்ஸிகோவுலயே வடக்கே சிவாவாவுல பொறந்து அங்கயே மாடு வளர்க்கிறவன், தெரிஞ்ச ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையை வெச்சு எப்படியோ சமாளிச்சுட்டேன். பாவம் அந்த மேசைத் தம்பி, எந்த நாட்டுலேர்ந்து வந்தானோ, ஸ்பானிஷ் சுத்தமாத் தெரியலை. அதுக்காக அவனை வேலையை விட்டுத் தூக்கிடாம இருக்கணும்."